ஒரே ராத்திரியில் ஆர்லாண்டோ வேண்டாம்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் எல்லோரையும் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 4. மாமனாருக்கு 71 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாமியாருக்கு மூட்டுவலி. இருவரும் சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார்கள். நவம்பரில் ஆசிரியர் மாநாட்டுக்காகப் பள்ளிக்கு வியாழன், வெள்ளி விடுமுறை. புதன் மாலை வேலை முடிந்ததும் மினிவேனில் கிளம்பி, ராத்திரி முழுக்க ஓட்டி, வியாழன் மதியத்திலிருந்து சனி வரை நான்கு பார்க்கையும் பார்த்துவிட்டு, சனி ராத்திரியே கிளம்பி ஞாயிறு வீடு வந்துவிடலாம் என்கிறார். நண்பர்கள் அப்படித்தான் போனார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் ஓட்டுவேன், ஆனால் ராத்திரியில் பழக்கமில்லை. மாமியாரோ, “நாங்க வீட்டுலயே இருந்துக்கறோம், நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க” என்கிறார். என்ன செய்யலாம்? விமானத்தில் போவது நல்லதா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

— ஒரு வாசகி, எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரில் போவது நல்ல யோசனைதான். குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதே என் தொழில். ஆறு பேர், இரண்டு குழந்தைகள், மருந்துப் பை, ரைஸ் குக்கர், மடக்கு நாற்காலி என்று எல்லாவற்றோடும் போக மினிவேன் அளவுக்கு வசதியானது வேறில்லை. ஆனால் உங்கள் கணவர் போட்டிருக்கும் நேரக் கணக்கில் போகவே கூடாது. உங்கள் பயம் நியாயமானது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அவர் புதன்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மாலை 6 மணிக்கு வண்டியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடிசனிலிருந்து டிஸ்னி வேர்ல்டு ஏறத்தாழ 1,050 மைல். நிற்காமல் ஓட்டினாலே 16 மணி நேரம். பெட்ரோல், கழிப்பறை, பையனுக்குப் பால் என்று நிறுத்தி நிறுத்திப் போனால் 19, 20 மணி நேரம் ஆகிவிடும். வியாழன் காலை 6 மணிக்கு நீங்கள் தென் கரோலினாவிலோ ஜார்ஜியாவிலோ இருப்பீர்கள். அப்போது அவர் கண் விழித்து 24 மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அளவுக்குத் தூங்காத ஒருவரின் நிதானம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. ரத்தத்தில் 0.08 இருந்தாலே இந்த நாட்டில் குடிபோதையில் ஓட்டிய வழக்கு. தூக்கக் கலக்க விபத்துகள் அதிகம் நடப்பதும் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில்தான். போதாததற்கு நவம்பர் மான்கள் சாலையில் குறுக்கே பாயும் மாதம். நண்பர்கள் அப்படிப் போய் வந்தது உண்மையாகவே இருக்கட்டும். அவர்கள் வண்டியில் எத்தனை பேர் மாறி மாறி ஓட்டினார்கள், இன்சுலின் போடும் 71 வயதுக்காரர் யாராவது இருந்தாரா என்று உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

விமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியூவார்க்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் டிஸ்னி வேர்ல்டு உள்ள ஆர்லாண்டோ போய்விடலாம். கையில் நான்கே நாள்தான், விடுப்பு எடுக்கவே முடியாது என்றால் விமானம்தான் சரி, இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆறு டிக்கெட்டும் அங்கே ஒரு வாடகை வேனும் சேர்ந்து பெரிய தொகை ஆகும். அதனால் விடுப்பு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் நான் சொல்லும் வழியில் போகலாம்.

நியூஜெர்சியில் பெரும்பாலான பள்ளிகளுக்கு அதே வியாழன், வெள்ளிதான் விடுமுறை. எல்லோரும் அப்போதுதான் ஆர்லாண்டோவுக்குக் கிளம்புகிறார்கள். டிஸ்னி பக்கம் அதை ‘ஜெர்சி வாரம்’ என்றே சொல்வார்கள். அந்தக் கூட்டத்தோடு போகாமல் அதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். முந்தின சனிக்கிழமை கிளம்பி, கூட்டம் வந்து இறங்கும் வெள்ளிக்கிழமை அங்கிருந்து புறப்படுங்கள். உங்கள் கணவருக்கு ஐந்து நாள் விடுப்பு தேவைப்படும். பெண்ணுக்குப் பள்ளியில் மூன்று நாள் போகும். நான்காம் வகுப்புக் குழந்தை தாத்தா பாட்டியோடு போகிறது என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் பாடத்தைக் கொடுத்துவிடுவார்கள். சில ஊர்களில் தேர்தல் நாளும் பள்ளி விடுமுறை என்பதால் ஒரு நாள் மிச்சமாகலாம். உங்கள் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள்.

இனி வழி. சனிக்கிழமை விடிகாலை 5 மணிக்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும். ஐ-95 சாலையில் வாஷிங்டனிலிருந்து பிரெட்ரிக்ஸ்பர்க் வரையுள்ள பகுதிதான் மிக மோசமான நெரிசல். சனிக்கிழமை காலை 10 மணிக்குள் அதைத் தாண்டிவிட்டால் பாதி நிம்மதி. ரிச்மண்டுக்கு முன்னால் ஐ-295 பிரியும், அதில் போனால் ஊருக்குள் நுழையாமல் பீட்டர்ஸ்பர்க் தாண்டி மறுபடி ஐ-95 வந்து சேரலாம். வர்ஜீனியாவில் மட்டும் வேகத்தில் ரொம்பக் கவனம். 85 மைலைத் தாண்டினாலோ, பலகையில் போட்டிருக்கும் வேகத்தைவிட 20 மைல் கூடுதலாகப் போனாலோ அங்கே அது சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் இல்லை. ‘ரெக்லெஸ் டிரைவிங்’ என்ற குற்ற வழக்கு. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருப்பவர்களை அந்தப் பதிவு பல வருஷம் விடாது.

வட கரோலினாவின் ஃபேயட்வில்தான் உங்கள் பாதி வழி. அடிக்கடி நிறுத்தினாலும் மாலை 4 மணி சுமாருக்கு அங்கே போய்விடலாம். அங்கேயே அறை எடுங்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்டத் தெம்பிருந்தால் தென் கரோலினாவின் புளோரன்ஸ் வரை போகலாம், ஆனால் இருட்டும் முன் அறையில் இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் நகர்த்திவிடுவார்கள், அதற்கப்புறம் 5, 5.30 மணிக்கே இருட்டிவிடும். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஜார்ஜியாவின் சவானாவில் இறங்குங்கள். நெடுஞ்சாலையிலிருந்து சுமார் பத்து மைல் உள்ளே போக வேண்டும். பழைய ஓக் மரங்கள் சூழ்ந்த பூங்காக்களும் சதுக்கங்களும் உள்ள அழகான ஊர், பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். டேடோனா பீச்சில் ஐ-4 சாலைக்குத் திரும்புவீர்கள். அது ஆர்லாண்டோவின் நடுவே போகும், நெரிசல் அதிகம். சான்போர்டு அருகே 417 என்ற சுங்கச் சாலைக்கு மாறிவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு டிஸ்னிக்குப் பக்கத்தில் வந்து சேரும். உங்கள் ஈஸிபாஸ் அங்கேயும் செல்லும்.

உட்காரும் இடத்தையும் யோசித்து வையுங்கள். மாமனார் முன் சீட்டில், காலுக்கு இடம் இருக்கும், வழியும் தெரியும். நடு வரிசையில் மாமியாரும் பையனும். நான்கு வயதுக் குழந்தையைக் கடைசி வரிசையில் போட்டால் வாந்தி எடுக்கும். நீங்களும் பெண்ணும் பின்னால். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களும் கணவரும் மாறி ஓட்டுங்கள். ஓட்டாதவர் பின்னால் போய்க் கண்டிப்பாகத் தூங்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேர நிறுத்தம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். நம் வீட்டுப் பெரியவர்கள் மகன் வண்டி ஓட்டும்போது “கொஞ்சம் நிறுத்துப்பா” என்று சொல்லவே கூச்சப்படுவார்கள். அதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை உள்ள உங்கள் மாமனாருக்கு அது நல்லதல்ல. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அதனால் யாரும் கேட்காமலே நிறுத்துங்கள், எல்லோரும் இறங்குங்கள், அவரும் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டு வருவார். மேரிலாண்டில் மேரிலாண்ட் ஹவுஸ், செசபீக் ஹவுஸ் என்று இரண்டு பெரிய ஓய்விடங்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே உண்டு. அதற்குத் தெற்கே ஒவ்வொரு மாநில எல்லையிலும் வெல்கம் சென்டர் வரும், கழிப்பறை சுத்தமாக இருக்கும். புளோரிடா எல்லையில் சின்னக் கோப்பையில் ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பது வழக்கம். குழந்தைகளுக்குப் பயணத்தின் முதல் கொண்டாட்டமே அதுதான்.

திரும்பி வருவதற்கு எனக்கு மிகப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. ஆம்ட்ராக் நிறுவனம் ஆட்டோ டிரெயின் என்று ஒரு ரயில் விடுகிறது. சான்போர்டில் உங்கள் மினிவேனையே அதில் ஏற்றிவிடுவார்கள். மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் காலை 10 மணி சுமாருக்கு வாஷிங்டனுக்குத் தெற்கே லார்ட்டனில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நான்கு, நாலரை மணி நேர ஓட்டம்தான். காரை ரயில் புறப்படுவதற்கு வெகு முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். பெட்டிகள் இரண்டடுக்கு, மாடிப்படி குறுகல். மாமியாரின் மூட்டுவலியைச் சொல்லி, கீழ்த்தளத்தில் இடம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். செலவு கூடும்தான். ஆனால் பயணத்தில் எல்லோரும் களைத்துப் போயிருக்கும் நாள் திரும்பும் நாள்தான், ஓட்டுநரும் அப்போதுதான் அசந்திருப்பார். ஊரில் ராத்திரி ரயிலில் போய்ப் பழகிய உங்கள் மாமனாருக்கு இது டிஸ்னியைவிடப் பிடித்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்புறம், பார்க்குகள். ஐந்து நாளில் இரண்டே பார்க் போதும் என்கிறேன். உங்கள் கணவர் ஏமாற்றமடைவார் என்று தெரியும். ஆனால் அங்கே ஒரு நாளில் 7, 8 மைல் நடப்பது சர்வ சாதாரணம். எப்காட் பார்க்கில் ஏரியைச் சுற்றியுள்ள நாடுகளின் அரங்குகளை ஒரு சுற்று வந்தாலே ஒன்றேகால் மைல் ஆகிவிடும். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்கில் முக்கியமான சவாரிகள் பலவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் பையன் பாதிக்கு வெளியே நிற்பான். இந்த இரண்டையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

திங்கள்கிழமை எந்தப் பார்க்கும் வேண்டாம். நீச்சல் குளம், மளிகை, மத்தியானத் தூக்கம், மாலையில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதி. அங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை, பார்க்கிங் கட்டணமும் இல்லை. செவ்வாய் மாஜிக் கிங்டம். காரை நிறுத்தியபின் படகிலோ மோனோரயிலிலோ ஏறித்தான் வாசலுக்கே போக முடியும், அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திறக்கும் நேரத்துக்குப் போய், மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி எல்லோரும் படுத்து எழுந்து, மாலை மறுபடி போய் வாணவேடிக்கை பாருங்கள். ஒரே டிக்கெட்டில் அன்றைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். தேதியைக் குறிக்கும் முன் பார்க் நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பரில் சில மாலைகளில் தனிக் கட்டணக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும், அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கே அனுப்பிவிடுவார்கள்.

புதன் ஓய்வு. குழந்தைகளைக் கணவர் கென்னடி விண்வெளி மையத்துக்குக் கூட்டிப்போகலாம், கிழக்கே ஒரு மணி நேரம்தான். பெரியவர்கள் விருப்பப்பட்டால் ஆர்லாண்டோவுக்கு வடக்கே காசல்பெரியில் உள்ள இந்துக் கோயிலுக்கு ஒரு கார் பிடித்துப் போய் வரலாம். வியாழன் காலையில் அனிமல் கிங்டம். நான்கு பார்க்கில் உங்கள் மாமனார் மாமியாருக்கு மிகப் பொருத்தமானது இதுதான் என்பது என் கணிப்பு. நிழலும் மரமும் அதிகம். ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்ற கற்பனை ஊரை நம் நாட்டுச் சாயலில் கட்டியிருக்கிறார்கள், உள்ளே புலிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். சஃபாரி வண்டி மட்டும் குலுக்கும். மாமியாருக்கு இடுப்பில் வலி இருந்தால் அதில் ஏற்ற வேண்டாம்.

பையனின் உயரத்தை வீட்டிலேயே அளந்து வையுங்கள். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44, டிரானுக்கு 48 வேண்டும். எதில் ஏற முடியாது என்று முன்பே சொல்லிக் கூட்டிப்போனால் அழுகை குறையும். பெண் ஏற ஆசைப்படும் சவாரியில் ‘ரைடர் ஸ்விட்ச்’ கேளுங்கள். ஒருவர் அவளோடு ஏறி வரும்வரை மற்றவர் பையனோடு வெளியே இருக்கலாம், பிறகு அவர் திரும்ப முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம், பெண்ணும் இரண்டாவது முறை கூடப் போகலாம். இது இலவசம். டிக்கெட்டில் ஒரு விஷயம்: 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனால் பெரியவர் கட்டணம். பயண நாளுக்குள் பெண்ணுக்குப் பிறந்த நாள் வருகிறதா என்று பாருங்கள். டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிமியின் சாலையோரக் கடைகளில் பாதி விலைக்கு விற்கும் டிக்கெட்டை வாங்காதீர்கள். ஒருவர் பயன்படுத்திய டிக்கெட் இன்னொருவருக்குச் செல்லாது, வாசலில் விரலை வைத்துப் பார்ப்பார்கள்.

மாமியாருக்கு எடை குறைந்த மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். பார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் முதலில் வருபவருக்குத்தான். “எனக்கென்ன நடக்க முடியாதா” என்று முதலில் மறுப்பார். வற்புறுத்த வேண்டாம். பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள், தேவைப்படும்போது அவரே உட்காருவார்.

சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். தயிர்சாதம் ஐஸ் பேக் வைத்த பையில் இருக்கட்டும், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆர்லாண்டோவில் சின்னச் சமையலறை உள்ள அறையாக எடுத்தால் குக்கரில் சாதம் வைத்துக்கொள்ளலாம். டிஸ்னி பார்க்குக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது, ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். கவுன்ட்டர் உணவகங்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். உணவுப் பட்டியலில் பச்சை இலைக் குறி இருந்தால் பால், முட்டை எதுவும் சேராதது. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் உள்ள சனா உணவகத்தில் ‘நான்’ ரொட்டிகளும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகைகளும் கிடைக்கும், ஒருவேளை அங்கே சாப்பிடலாம்.

மாமனாரின் இன்சுலின் உங்கள் கைப்பையில் குளிர்பையோடு இருக்க வேண்டும், நிறுத்திய காருக்குள் விடவே கூடாது. நடை அதிகமாகும் நாட்களில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருந்தளவையும் சாப்பாட்டு நேரத்தையும் பற்றி அவருடைய மருத்துவரிடம் கிளம்புமுன் பேசிவிடுங்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும். இருவரின் பாஸ்போர்ட், ஐ-94 எனும் வருகைப் பதிவின் அச்சு, விசிட்டர் இன்ஷூரன்ஸ் அட்டை மூன்றும் ஒரே உறையில். ஏற்கனவே உள்ள நோய்க்கு அந்த இன்ஷூரன்ஸ் எதுவரை பணம் தரும் என்று இப்போதே படித்துப் பாருங்கள்.

மாமியார் வீட்டிலேயே இருக்கிறேன் என்பதைப் பற்றி. மகனுக்கும் மருமகளுக்கும் பாரமாகிவிடுவோமோ என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். எல்லோரும் இருக்கும்போது கேட்டால் அதே பதில்தான் வரும். நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது, தினமும் மத்தியானம் அறைக்கு வந்து படுத்துக்கொள்ளலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சுற்றல், திரும்ப ரயில் என்று இந்தத் திட்டத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம், இழுத்துப்போகக் கூடாது. ஆனால் காரும் இல்லாமல், இன்சுலினோடு இருவரையும் எட்டு நாள் எடிசன் வீட்டில் தனியே விடவும் கூடாது. அவர்கள் தங்க உறவினர் வீடு ஒன்று உறுதியான பிறகே நீங்கள் கிளம்ப வேண்டும்.

இந்த வாரம் உங்கள் கணவர் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கட்டும். அது கிடைத்ததும் ஆட்டோ டிரெயின், அதற்கடுத்து ரத்து செய்யக்கூடிய இரண்டு ஹோட்டல் அறைகள், கடைசியில் பார்க் டிக்கெட். மாமனாருக்கு நல்ல நடை ஷூவும் பருத்தி சாக்ஸும் மட்டும் நாளைக்கே வாங்கிவிடுங்கள். செருப்பில் பழகிய கால் புது ஷூவில் கொப்பளித்தால், சர்க்கரை உள்ளவருக்கு அது வலிக்காமலே புண்ணாகலாம். நவம்பர் வரை தினமும் மாலை உங்கள் தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கட்டும். வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தை ஒருமுறை நீங்களோ உங்கள் கணவரோ பாருங்கள். பயணத்திலும் ஒவ்வொரு ராத்திரியும் அப்படியே.